புலி என்று கூட்டி வந்தவள்

வீட்டு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்ணை வரவழைக்க என்ன செலவாகும் என்று எங்கள் சந்தையில் யாராவது கேட்டால், எல்லோரும் மீன்கடைக்காரன் வாய் கெய் பக்கம் கைகாட்டுவார்கள். அவன் கத்தியைக்கூடக் கீழே வைக்க மாட்டான். செதில் பறக்கப் பறக்கச் சொல்லிக்கொண்டே போவான்.

"ஏஜென்சிக்காரனுக்கு ஒரு தொகை. விசாவுக்கு ஒண்ணு. அங்க ஒரு டாக்டரு, இங்க ஒரு டாக்டரு. விமான டிக்கெட். இன்சூரன்ஸ். மாசச் சம்பளம். சாப்பாடு. ரெண்டு வருஷம் முடிஞ்சா ஊருக்குப் போக வர டிக்கெட். இதையெல்லாம் விடு. என் ஃபுட்பால் போச்சே, அதை யார் தருவா?"

அவன் ஃபுட்பால் போன கதை இதுதான். ஷாவ் கெய் வானில் அரசாங்கம் கொடுத்த வீடு. இரண்டு அறை. ஒன்றில் அவன் அப்பா லோக், இன்னொன்றில் அவனும் அவன் பெண்டாட்டி லாய் கிங்கும். வேலைக்கு வருகிறவள் முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கூடத்தில் சோபாவைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கே ஒரு பலகைக் கட்டில் போட்டு, திரை தொங்கவிட்டார்கள். அந்தத் திரைக்கு ஓரடி தள்ளி டிவி. ஒருத்தி தூங்குகிற இடத்தில் ராத்திரி டிவி போட முடியுமா?

"இங்கிலாந்துக்காரன் பந்தை உதைக்கிற நேரத்துல நான் கக்கூஸ்ல உக்காந்து போன்ல பாக்குறேன். கோல் விழுந்தா கத்தக்கூட முடியல. கத்தினா எங்கப்பா வயித்துக்கு என்னடான்னு கதவைத் தட்டுறார்."

நான் அவனுக்கு எதிர்க்கடை. காய்கறி. பெயர் பூன். படகில் பிறந்தவள். தரையில் நடக்கப் பழகியதும் அப்பா என் தோளில் காவுத்தடியை வைத்தார். முதலில் தண்ணீர் சுமந்தேன், பிறகு செங்கல். எங்கள் வீட்டில் வேலைக்காரி என்று ஒருத்தி இருந்தாளென்றால் அது நான்தான். அதனால் அவன் புலம்பலுக்கு நான் இரக்கப்பட்டதே இல்லை.

ஆனால் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது உண்மை. லோக் கிழவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எழுபதைத் தாண்டியபின் முழங்கால் போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை. ஒருநாள் அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். கட்டடத்துக் காவலாளி புகையைப் பார்த்து ஓடிப்போய் அணைத்தான். அன்றிலிருந்து லாய் கிங்கால் நிம்மதியாக ஒரு மீனைக்கூட வெட்ட முடியவில்லை. ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். மூன்று வாரத்தில் போய்விட்டாள். இன்னொருத்தி இரண்டு மாதம் தாங்கினாள். இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: கிழவர் வாய்.

லாய் கிங் ஒளித்துப் பேசத் தெரியாதவள். கிழவரை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"ட்யூன்முன் ஊர்ல ஒரு முதியோர் இல்லம் இருக்கு பூன் அக்கா. பேர் குடுத்துட்டேன். கட்டில் காலியானா கூப்பிடுவாங்க. அடுத்து வர்றவளும் ஓடிட்டா, மாமாவை அங்கதான் விடணும். நான் கடையைப் பாப்பேனா, அடுப்பைப் பாப்பேனா?"

கிழவர் காதில் விழாதவர்போல் என் கடையைத் துழாவினார்.

"வெங்காயத்தாள் எங்க?"

காய் வாங்கினால் இரண்டு வெங்காயத்தாள் சும்மா கொடுப்பது எங்கள் சந்தை வழக்கம். கிழவர் மூன்று எடுப்பார். முப்பது வருடமாக மூன்றுதான். நான் திட்டுவேன், அவர் திருப்பித் திட்டுவார், மூன்றாவது அவர் பையில் இருக்கும்.

மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுக்க லாய் கிங் என்னையும் ஏஜென்சிக்கு இழுத்துப்போனாள். சுவர் முழுக்க புகைப்படம். ஏஜென்சிக்காரப் பெண், இவள் நன்றாகச் சமைப்பாள், இவள் கிழவர்களைப் பார்த்த அனுபவம் உள்ளவள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லாய் கிங் எதையும் காதில் வாங்கவில்லை.

"என்ன வருஷம் பொறந்தவ?"

அவளுக்கு அது ஒன்றுதான் கேள்வி. எங்கள் கணக்கில் வருடத்துக்கு ஒரு மிருகம்; பன்னிரண்டோடு சுற்று முடியும். ஆறு வீடு தள்ளி எதிரே நிற்பது ஜென்மப் பகை. கிழவர் ஆடு. ஆட்டுக்கு மாடு ஆகாது. முதல் இரண்டு பெண்களின் வருடத்தைப் பார்க்காமல் கூட்டிவந்ததால்தான் ஓடிப்போனார்கள் என்பது லாய் கிங்கின் முடிவு. கிழவர் வாய்க்கு அதில் பங்கில்லை.

"இது எம்பத்தாறு," என்று ஒரு படத்தைக் காட்டினாள் ஏஜென்சிக்காரி. "இந்தோனேசியா. நம்ம பாஷை நல்லா பேசுவா."

லாய் கிங் விரல் மடக்கினாள். "எம்பத்தாறுன்னா புலி. நான் பன்னி. புலிக்கும் பன்னிக்கும் அமோகப் பொருத்தம். மாமாவுக்கும் பழுதில்ல."

"உன் புருஷன் குரங்காச்சே," என்றேன் நான். "குரங்குக்குப் புலி ஆகாதே."

"அவருக்கும் எனக்கும் மட்டும் ஆகுதா? கடை நடக்கலயா?"

அப்படித்தான் யந்தி வந்தாள். முழுப்பெயர் விதயாந்தி, பிளிதார் பக்கத்து கிராமத்துக்காரி. தலையில் எப்போதும் ஒரு துணி. பயிற்சி முகாமில் மரியாதைப் பேச்சாகக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கிழவரிடம் வந்தபின் துறைமுகப் பேச்சையும் கற்றுக்கொண்டாள். இரண்டும் கலந்து அவள் பேசுவதைக் கேட்கவே கூட்டம் நிற்கும்.

காலையில் இருவரும் சந்தைக்கு வருவார்கள். கிழவர் தடியை ஊன்றி முன்னால். அவள் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு பின்னால். இருவருக்கும் முன்னால் சத்தம் வரும்.

"நேத்து சூப்புல உப்பு எங்க போச்சு? கடலுக்கே திரும்பிடுச்சா?"

"பன்னி எலும்பு சூப்பை நான் வாயில வெக்க முடியாதுங்க தாத்தா. ருசி பாக்காமதான் உப்புப் போடணும்."

"ருசி பாக்காத சமையக்காரி! நீச்சல் தெரியாத படகோட்டி!"

"டாக்டர் உப்பே கூடாதுன்னார். தயவுசெஞ்சு வாயை மூடிக்கிறீங்களா? நான் கொஞ்சமாச்சும் போடுறது உங்க மேல இரக்கப்பட்டு."

"இரக்கமா? எம்மேலயா? ஒரு தோள்ல நூறு கிலோ தூக்கினவன்டி நான்!"

"அப்ப இந்த முட்டைகோசைத் தூக்குங்க, பாப்போம்."

கிழவர் தூக்குவார். முகம் சிவக்கும். பக்கத்துப் பன்றிக்கடை ஃபாட் கைதட்டுவான். மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கிற பெண் மூன்று மாதம் கெஞ்சியும் தூக்காத கை, அவள் ஒரு பேச்சுக்குத் தூக்கியது. யந்தி வந்தபின் கிழவர் தினமும் சவரம் செய்துகொண்டார். சண்டைக்குப் போகிறவன் முகம் சுத்தமாக இருக்க வேண்டாமா?

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. லாய் கிங் நிம்மதியாக மீன் வெட்டினாள். "புலின்னா புலிதான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஜனவரியில் குளிரான ஒரு நாள் யந்தி சின்னப் பெட்டியோடு வந்தாள். உள்ளே ஒரு கேக். அவர்கள் ஊரில் பிறந்தநாள்காரிதான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டுமாம். மீன்கடைப் பலகையைத் துடைத்து, பெட்டியை வைத்து, எங்களுக்கெல்லாம் துண்டு போட்டாள். கிழவருக்குக் கொடுத்தது சின்னத் துண்டு. அதற்கு ஒரு சண்டை நடந்தது.

லாய் கிங் பாதி மென்ற வாயோடு நின்றாள்.

"இன்னிக்கா உனக்குப் பிறந்தநாள்? ஜனவரியிலயா?"

"ஆமாங்க மேடம். முப்பது முடிஞ்சுது."

"பூன் அக்கா, எம்பத்தாறுல நம்ம புத்தாண்டு எப்ப வந்துது?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "பிப்ரவரி ஒம்பது. மறுநாள்தான் என் ரெண்டாவது பையன் பொறந்தான். மருத்துவச்சிக்கு சிவப்பு உறையில பணம் ரெட்டிப்பா போட்டுக் குடுக்க வேண்டியதாப் போச்சு, மறக்குமா?"

லாய் கிங் கேக்கை விழுங்கினாள்.

"அப்ப இவ புலி இல்ல. புலி வருஷம் பொறக்கவே இல்ல அப்ப. இவ முந்தின வருஷத்துக் கணக்கு." கத்தியைப் பலகையில் வைத்தாள். "மாடு."

அப்புறம் லாய் கிங் ஆரம்பித்தாள். இலையுதிர் காலத்தில் கிழவர் குளியலறையில் வழுக்கி விழுந்தது மாட்டால். காற்றுப் பம்பு நின்று ஒரு தொட்டிக் களவா மீன் செத்துப்போனது மாட்டால். வாய் கெய்யின் கடைவாய்ப் பல் விழுந்ததும் மாட்டால்.

"பல்லு நான் வேர்க்கடலை கடிச்சதுல போச்சுடி," என்றான் அவன். பிறகு முகம் தெளிந்தது. "அப்படின்னா எனக்கும் இவளுக்கும் பகை கிடையாதா?"

"உங்களுக்கு இல்ல. மாமாவுக்கு."

"அப்பாவுக்குத்தானே," என்று அவன் சொல்ல வாயெடுத்து, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

யந்தி கேக் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் மிருகக் கணக்கு அவளுக்கு முழுதும் தெரியாது. நான் சொன்னேன். உன்னைப் புலி என்று நினைத்துக் கூட்டிவந்தார்கள், நீ மாடாம், மாடு பெரியவருக்கு ஆகாதாம்.

அவள் லாய் கிங் பக்கம் திரும்பினாள்.

"மேடம், புலின்னு நெனச்சுத்தான் கூட்டிட்டு வந்தீங்க. ஆனா நாலு மாசமா மாடு மாதிரிதானே வேலை வாங்கினீங்க? இதுல உங்களுக்கு என்னங்க நட்டம்?"

ஃபாட் பன்றிக்கடைக்குள் போய்ச் சிரித்தான். லாய் கிங் சிரிக்கவில்லை.

"காசு விஷயம் இல்ல இது. மாமாவுக்கு ஒண்ணு ஆனா ஊரு என்னைத்தான் பேசும். மாமியார் சாகும்போது என் கையில ஒப்படைச்சுட்டுப் போனாங்க. வருஷம் பொறக்கறதுக்குள்ள இவளை அனுப்பிடணும்."

வாய் கெய் மறுபடியும் தன் பாட்டை எடுத்தான். இந்தத் தடவை சுரம் வேறு. "அனுப்பவா? நோட்டீசுக்குப் பதிலா ஒரு மாசச் சம்பளம். ஊருக்கு டிக்கெட். அப்புறம் மறுபடியும் ஏஜென்சி, மறுபடியும் விசா, மறுபடியும் ரெண்டு டாக்டரு..."

"யாரு மறுபடியும்னு சொன்னா? நாலாவது ஆளைக் கூட்டிட்டு வர என்கிட்ட தெம்பும் இல்ல, காசும் இல்ல. மாமாவை இல்லத்துல விட்டுடலாம். இங்க மாட்டுக்கிட்ட மாட்டிச் சாகறதைவிட அங்க உயிரோட இருக்கட்டும்."

இதைக் கிழவர் முன்னால்தான் சொன்னாள். கெட்ட எண்ணம் கிடையாது. அவள் கணக்கில் அது மாமனாரைக் காப்பாற்றுகிற வழி. கிழவர் தன் துண்டு கேக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்தார். "சர்க்கரை ஜாஸ்தி," என்றார். தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

யந்திக்கு வேலை போனால் இரண்டு வாரத்தில் விமானம் ஏற வேண்டும். ஏஜென்சிக்குச் சம்பளத்தில் பிடித்த கடன் அப்போதுதான் முடிந்திருந்தது. ஊரில் அவள் மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது. அதையெல்லாம் அவள் சொல்லி அழவில்லை. கேக் பெட்டியை மடித்து அட்டை பொறுக்குகிறவளிடம் போட்டுவிட்டு, பலகையைக் கழுவினாள்.

அனுப்புகிறவரை பகை தாக்காமலிருக்க லாய் கிங் ஒரு ஏற்பாடு செய்தாள். இருவரும் நேருக்கு நேர் நிற்கக் கூடாது. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட வேண்டும். சந்தைக்குச் சேர்ந்து வரக் கூடாது.

கிழவர் தனியாக வந்தார். சந்தையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பெரியவரே, இன்னிக்குச் சண்டை இல்லையா?" என்று ஃபாட் கேட்டான். கிழவர் தடியை ஊன்றிப் போய்க்கொண்டே இருந்தார். நான்காம் நாள் அவர் தாடையில் வெள்ளை முடி எட்டிப்பார்த்தது. முட்டைகோசு இருந்த இடத்தில் இருந்தது.

வாய் கெய்தான் முதலில் அசைந்தான். அப்பா மேல் பாசமா, காசு மேல் பாசமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் இருக்கலாம். சோதிடக்காரர்களைப் பார்த்தாலே திருடன் என்பவன், கோயில் தெருச் சோதிடனிடம் போய்ப் பணம் கொடுத்துவிட்டு வந்தான். மூச்சு வாங்கியது.

"ஒரு வழி இருக்காம். மாட்டுக்கு உயிர் சிநேகிதம் எலியாம். எலி வருஷத்துக்காரி ஒருத்தி இவளை மகளா ஏத்துக்கிட்டா, மாட்டோட முரட்டுத்தனத்தை எலி கட்டிப் போட்டுடுமாம். பகை அடங்கிடுமாம். எவ்வளவு கேட்டான் தெரியுமா? போகட்டும், டிக்கெட்டை விடக் கம்மி."

லாய் கிங் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எலி யாரு இருக்கா?"

"ஃபாட் எலி," என்றேன் அவசரமாக.

"முஸ்லிம் பொண்ணைப் பன்னிக்கடைக்காரர் தத்தெடுக்கறதா?" என்று லாய் கிங் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீரைக்குத் தண்ணீர் தெளித்தேன். நானும் எலிதான். சந்தைக்கே தெரியும்.

"என்னைப் பாக்காதீங்க. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, அவனுங்களே போதும். மகள்னா சும்மாவா? கிண்ணம் வாங்கணும், சாப்பிடுற குச்சி வாங்கணும், துணி, செருப்பு. புத்தாண்டுக்குப் புத்தாண்டு சிவப்பு உறை. அவ வீட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா நான் நிக்கணும். ஆள் கூட்டிட்டு வந்தது நீங்க, செலவு எனக்கா?"

"கிண்ணத்துக்கு நான் தரேன் அக்கா," என்றான் வாய் கெய்.

"இருவது வருஷமா எதிர்க்கடை. ஒரு மீன் தலை ஓசியில குடுத்திருக்கியாடா?"

அவன் மீன் பக்கம் திரும்பிக்கொண்டான். லாய் கிங் அதற்குமேல் கெஞ்சவில்லை. அவளுக்குக் கெஞ்ச வராது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை கிழவர் வந்து என் கடை முன்னால் நின்றார். கடுகுக்கீரையில் ஒரு கட்டு எடுத்தார். வழக்கமாக, இது கீரையா வைக்கோலா என்று தொடங்குவார். ஒன்றும் சொல்லவில்லை. விலையைச் சொன்னேன். சில்லறை எடுத்து எண்ணாமல் கொடுத்தார். ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. பையில் போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"பெரியவரே, வெங்காயத்தாள்?"

"வேணாம்."

தடியை ஊன்றி நான்கு கடை தாண்டிப் போய்விட்டார். நான் வெங்காயத்தாள் கட்டைப் பார்த்தபடி நின்றேன். அந்த மனுஷன் பெண்டாட்டி செத்த அன்றைக்குக்கூட மூன்று எடுத்தவர். யாரிடமும் கைநீட்டிப் பழகாதவர்; கேட்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்த விதத்தில் கேட்டுவிட்டுப் போகிறார் என்று புரிய எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"யோவ் பெரியவரே!" என்று கத்தினேன். சந்தையே திரும்பியது. "அவளைக் கூட்டிட்டு வாங்க. நான் பேசணும்."

"எவளை?"

"உங்களுக்கு எத்தனை பேர் இருக்காங்க? உங்ககிட்ட சண்டை போடுறவளை!"

அவர் நடை வேகமாயிற்று.

யந்தி வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன், ஆட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் சாமி சிலை முன்னாடி விழ மாட்டேன். பன்னிக்கறி விருந்து வெச்சாலும் தொட மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா சரி."

"நீ விழவும் வேணாம். விழுந்தா உன்னைத் தூக்கிவிட எனக்கு இடுப்பு கிடையாது."

அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். "எங்க ஊர்லயும் நாள் பாப்பாங்க. ஏழு நாள் வாரத்தோட எங்க அஞ்சு நாள் சந்தை வாரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுவாங்க. நான் கெளம்பும்போது அம்மா பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"போற வீட்ல சத்தம் ஜாஸ்தியா இருக்கும், சோத்துக்குக் குறையிருக்காதுன்னாங்க."

"அது தெரிஞ்சும் ஏண்டி வந்தே?"

"சோத்துக்குக் குறையிருக்காதுன்னாங்களே."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அங்கேதான். அதற்கு எலியும் மாடும் காரணமில்லை. என் அப்பா என் தோளில் காவுத்தடியை வைத்த அன்று, அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: சோத்துக்குக் குறையிருக்காது.

குரங்கு வருடம் பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது சந்தையிலேயே வைத்து நடத்தினோம். ஊதுபத்தி இல்லை, பன்றி இல்லை. நான் ஒரு கிண்ணம், ஒரு ஜோடிக் குச்சி, ஒரு கரண்டி, குளிருக்கு ஒரு கம்பளித் துணி, தலைக்குக் கட்ட ஒன்று வாங்கியிருந்தேன். சிவப்புத் துணியாக எடுத்தேன். விலை கொஞ்சம் அதிகம்தான். வாய் கெய்க்கு வரப்போவது சொந்த வருடம், ஆகாத வருடம் என்று லாய் கிங் அவனுக்கு முன்கூட்டியே, கெடுதலை விரட்டுகிற சிவப்பில் ஒரு ஜட்டி மாட்டிவிட்டிருந்தாள். குனிந்து மீன் எடுக்கும்போதெல்லாம் இடுப்பில் தெரிந்தது. அன்று சந்தையில் விசேஷக் களை வந்ததற்கு அவனும் ஒரு காரணம்.

யந்தி இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையை நீட்டி, "அம்மா, குடிங்க," என்றாள். நான் குடித்தேன். கிண்ணத்தைக் கொடுத்தேன். கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த கிழவர், சவரம் செய்த முகத்தோடு, தேநீர் ஆறிப்போய்விட்டது என்று குறை சொன்னார்.

"உங்களுக்கு யாரும் ஊத்தலையே தாத்தா," என்றாள் யந்தி. "ஆறினது எப்படித் தெரியும்?"

"ஆவி வரலைடி! கண்ணு இல்லையா எனக்கு?"

லாய் கிங் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். பகை அடங்கியிருக்க வேண்டுமே என்பது அவள் கவலை. "இது வேற," என்றேன். "பகைன்னா பேசிக்கவே மாட்டாங்க."

அவள் நம்பினாளோ என்னவோ, முகம் தளர்ந்தது.

பிறகு நான் வாய் கெய் பக்கம் திரும்பினேன். "இங்க பாருடா. இனி நீ வேலைக்கு வெச்சிருக்கறது என் மகளை. ஞாயித்துக்கிழமை லீவுன்னா லீவு. மத்தியானம் போன் போட்டு, மீன்தொட்டியைக் கழுவ வான்னு கூப்பிடக் கூடாது. மீன்கடை வேலை அவ வேலை இல்ல, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவனும் லாய் கிங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிக் கூப்பிட்டது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. யந்தி தரையைப் பார்த்தாள்.

"சரி அக்கா," என்றாள் லாய் கிங், மெதுவாக.

"அதோட, பொண்ணைக் குடுத்த வீட்டுக்குத் திருவிழாவுக்குத் திருவிழா மீன் வரணும். தலையோட. பிடிச்சுப் பாத்தா துள்ளணும்."

வாய் கெய் கத்தியைக் கீழே வைத்தான். நான் பார்த்து அவன் வைத்தது அதுதான் முதல் தடவை. "இந்தச் செலவை ஏஜென்சிக்காரன் சொல்லவே இல்லையே!"

புத்தாண்டு விடுமுறை முடிந்து சந்தை திறந்த பின் ஒருநாள் காலை, என் கடை முன்னால் உப்புச் சண்டை உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் லாய் கிங்கின் போன் அடித்தது. அவள் இரண்டு கையும் மீன் வயிற்றுக்குள் இருந்ததால் நான் எடுத்து அவள் காதில் பிடித்தேன்.

"ஆமா, லோக் வீடுதான்... ஆமா, பேர் குடுத்திருந்தோம்." அவள் குரல் தணிந்தது. "கட்டில் காலியாகிடுச்சா?"

சண்டை நின்றது. கிழவர் கை என் வெங்காயத்தாள் கட்டின் மேல் அப்படியே இருந்தது. யந்தி சக்கரப் பையின் பிடியை இரண்டு கையாலும் பற்றினாள். மறுமுனையில் ஒரு பெண் இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்வது எனக்கே கேட்டது. சும்மா கிடைக்கிற கட்டில் இல்லை அது. லாய் கிங் மாதக்கணக்காகக் காத்திருந்தது.

லாய் கிங் மாமனாரைப் பார்த்தாள். அந்தச் சவரம் செய்த தாடையைப் பார்த்தாள். பிறகு யந்தியை.

"இப்ப தோதுப்படாதுங்க," என்றாள் போனில். "இங்க ஒரு சண்டை பாதியில நிக்குது. எங்க மாமா இல்லாம அது நடக்காது. எப்ப முடியும்னும் சொல்ல முடியல. கட்டிலை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

நான் போனை அணைத்து அவள் மேலங்கிப் பையில் போட்டேன். அவள் மீனின் குடலை இழுத்துத் தொட்டியில் எறிந்தாள்.

கிழவர் தொண்டையைச் செருமினார். வெங்காயத்தாள் ஒன்று எடுத்தார். இரண்டு. மூன்று. யந்தி பக்கம் திரும்பினார்.

"எங்க விட்டேன்?"

"உப்புல, தாத்தா."